ஹாலோவீன் இரவுக்குச் சில படங்கள்

மேலை நாடுகளில் பேய் வேடமிட்டுக் கொண்டாடும் ஹாலோவீன் நாள், அக்டோபர் 31 நெருங்குகிறது. என்ன பேய்ப்படம் பார்க்கலாம் என்று கேட்டால் நான் முதலில் சொல்வது ஜான் கார்ப்பென்டரின் ‘ஹாலோவீன்’ (1978). கதை நடப்பதே அந்த நாளில்தான். ரத்தம் ரொம்பக் குறைவு. பட்டப்பகலில், துணி காயும் கொடிகளுக்கு நடுவே முகமூடி போட்ட கொலைகாரன் நின்று கதாநாயகியின் ஜன்னலையே பார்ப்பான். மறுநொடி அங்கே யாரும் இல்லை! அந்த முகமூடி, ‘ஸ்டார் டிரெக்’ தொலைக்காட்சித் தொடரில் வரும் கேப்டன் கிர்க்கின் முகமூடிக்கு வெள்ளை அடித்தது. இசையும் கார்ப்பென்டரேதான், சத்தத்தைக் குறைத்துவிடாதீர்கள்.

அப்புறம் ‘தி இன்னசென்ட்ஸ்’ (1961). கறுப்பு வெள்ளைப் படம்தானே என்று தள்ளிவிட வேண்டாம். ஏரிக்கு அக்கரையில், நாணல்களுக்கு நடுவே கறுப்பு உடையில் ஒரு பெண் நிற்பாள். அவ்வளவுதான், வேறொன்றும் செய்ய மாட்டாள். இத்தனை படங்கள் பார்த்தும் என்னை இந்த அளவுக்கு உலுக்கிய காட்சி வேறு இல்லை. கதாநாயகியாக வரும் டெபரா கெர் பார்ப்பது நிஜமா, பிரமையா என்று படம் கடைசிவரை சொல்லாது.

வீட்டில் கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் இருந்தால் ‘கோரலைன்’ (2009). கண்களுக்குப் பதில் பொத்தான் தைத்த அம்மா வருவாள். ரொம்பச் சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

விளக்கை அணைத்துவிட்டு, போனைத் தள்ளி வைத்துவிட்டுப் பாருங்கள். உங்களுக்குப் பிடித்ததையும் கமெண்டில் சொல்லுங்கள், இந்த வாரமே பார்க்கிறேன்.