குகைத் தொட்டிக்கட்டு வீடு: ஆசாரம் வரை அளந்தாயிற்று

சேலத்தில் குகை என்கிற பகுதியில் பூட்டனார் கட்டிய தொட்டிக்கட்டு வீட்டை, அதாவது நடுவே திறந்த முற்றம் வைத்த வீட்டை, அளந்து வரையும் வேலை ஆசாரம் எனப்படும் கூடத்தைத் தொட்டுவிட்டது. முற்றத்தைச் சுற்றி நிற்கும் தூண், தூண்மேல் கிடக்கும் உத்தரம், மேலே கூரையின் சாய்வில் போகும் கைமரம், அதன் குறுக்கே ஓடு தாங்கும் ரீப்பர் எல்லாமே மரம். தூண்களை மட்டும் பெயர்த்து விற்றுவிடலாம் என்று வீட்டில் ஒரு பேச்சு ஓடுகிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்கு அப்படித்தான் எத்தனையோ வீடுகளின் தூண்கள் போய்ச் சேர்ந்திருக்கின்றன. விற்பதற்கு முன் கையில் இருப்பது என்னவென்று எல்லாரும் பார்த்துவிடட்டும் என்றுதான் இதில் இறங்கினேன்.

முதலில் கூரை. கொஞ்சம் சீமை ஓட்டை (தொழிற்சாலையில் செய்த தட்டை ஓடு) இறக்கித் துடைத்ததில், பாசல் மிஷன் என்ற சுவிட்சர்லாந்து கிறித்தவ மிஷனின் முத்திரையும் 1865 என்ற எண்ணும் தெரிந்தன. வீட்டுக்கு நூற்றைம்பது வயசு என்று சித்தப்பாவுக்கு ஒரே சந்தோஷம். ஆனால் 1865 மங்களூரில் அந்த ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு, ஓடு சுட்ட ஆண்டு இல்லை. மிஷனில் ஜெர்மானியர்கள் நிறைய இருந்ததால் முதல் உலகப் போர்க் காலத்தில் அரசு அந்தத் தொழிற்சாலைகளை எடுத்துக்கொண்டது, பிறகு அவை காமன்வெல்த் டிரஸ்ட் என்ற நிறுவனத்தின் கைக்குப் போயின. அப்படியென்றால் இந்த ஓடுகள் பெரும்பாலும் அதற்கு முந்தியவை. பழைய ஓட்டை எங்கிருந்தாவது வாங்கிப் போட்டிருப்பார்களோ என்று ரீப்பர்களையும் பார்த்தேன். இடைவெளி இந்த ஓட்டுக்கே அளவாக இருக்கிறது. நாட்டு ஓட்டுக்கு அடித்த பழைய ஆணித் துளை ஒன்றும் இல்லை. தொடக்கத்திலிருந்தே சீமை ஓட்டுக் கூரைதான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

அப்புறம் மரம். தூண்கள் பர்மா தேக்கு என்று கேட்டே வளர்ந்தோம். ஒரு தூணின் அடியில், கண்ணில் படாத இடத்தில் மெல்லிய சீவல் எடுத்து, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு ராத்திரி போட்டு வைத்தேன். காலையில் தண்ணீர் தேநீர் நிறத்தில் இருந்தது. வெயிலில் பிடித்தால் விளிம்பில் நீலம் மினுங்கியது. அது வேங்கையின் அடையாளம். சர்க்கரை நோய்க்கு மரக் குவளையில் தண்ணீர் ஊற்றி வைத்துக் குடிப்பார்களே, அதே வேங்கை. கதவும் நிலையும் மட்டும் தேக்கு. விலை பேச வருகிறவருக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். எனக்கு மதிப்பு கூடிவிட்டது. கப்பலேறி வந்த தேக்கைப் பல ஊர்களில் பார்க்கலாம். வேங்கையோ சேர்வராயனிலும் கொல்லிமலையிலும் வளர்கிற மரம். எந்தக் காட்டில் வெட்டியது என்று சொல்ல முடியாவிட்டாலும், நம் பக்கத்து மரத்தை நம்பி எழுப்பிய வீடு இது.

இணைப்புகளைப் பார்க்க, மரவேலையிலேயே வயதான ஆசாரி ஒருவரை அழைத்து வந்தேன். மூலைத் தூணின் மேல் இரண்டு உத்தரங்களும் பாதிப் பாதி வெட்டி ஒன்றையொன்று கவ்விக்கொண்டிருக்கின்றன. தூணின் கழுந்து, அதாவது உச்சியில் செதுக்கிய முனை, அவற்றுக்குள் ஏறி நிற்கிறது, பக்கவாட்டில் மர முளை. இரும்பு ஆணி ரீப்பரில்தான் ஆரம்பிக்கிறது. புழுதியைத் துடைத்ததும் உத்தர நுனிகளில் ௧, ௨, ௩ என்று உளியால் வெட்டிய எண்கள் தெரிந்தன. தரையில் வைத்துப் பொருத்திப் பார்த்து, எண் போட்டுப் பிரித்து, மேலே ஏற்றியிருக்கிறார்கள் என்றார்.

“ஒரு தூணை உருவுனா நாலு பக்கமும் ஆட்டம் கொடுக்கும், தம்பி. தனியா எடுத்தா அது வெறும் கட்டை” என்றார்.

நான் இவ்வளவு நாளாக வரைந்து காட்ட முயன்றதும் இதைத்தான். எண் போட்ட மூலைகளைத் தனித்தனியாகப் பெரிய அளவில் வரைந்து வருகிறேன்.

பெயின்ட் விஷயத்தில் அவசரப்படவில்லை. தூண்களில் பச்சை எனாமல் பல பூச்சு ஏறியிருக்கிறது. பழைய எனாமலில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயின்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) வரம்பு நம் நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2017-இல்தான். சூடு காட்டினால் புகை, காய்ந்த நிலையில் தேய்த்தால் தூசி, இரண்டும் ஆபத்து. அதனால் ஒரு தூணில் கையகல இடத்தை மட்டும் ஈரம் வைத்துச் சுரண்டி, உரிந்ததைப் பையில் கட்டி வைத்தேன். மற்றது அப்படியே இருக்கட்டும். வண்டு துளைத்த கைமரங்களுக்கு போராக்ஸ், போரிக் அமிலக் கரைசல் பூசியாயிற்று. மழை பட்டால் கரைந்து போகும் என்பதால் முற்றத்து ஓரத்தில் பூசவில்லை.

ஐப்பசி மழைக்குள் மேற்குத் தாழ்வாரத்தில் உடைந்த ஓடுகளை மாற்றியாக வேண்டும். வரைபடத்தின் நகலைப் பெரியப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் கொடுத்தேன். தூண் பேச்சைத் தை வரைக்கும் தள்ளி வைத்திருக்கிறார்கள். அதற்குள் சமையல்கட்டுப் பக்கத்தையும் அளந்து முடித்துவிடுவேன்.