காலை எடை

மார்ச் 3
அம்மா 63.8 கிலோ. நேற்றைவிட 900 கிராம் கூட. ஒரே நாளில் ஒரு கிலோ ஏறினால் கூப்பிடச் சொன்னார்கள் ஆஸ்பத்திரியில். இது ஒரு கிலோ இல்லையே.

மார்ச் 4
64.1. கூப்பிட்டுவிட்டேன். நீரை வெளியேற்றும் ஃபுரோசமைடு மாத்திரை இனி மதியமும் ஒன்று.

மார்ச் 6
62.9. “இது மாத்திரையா, தண்ணி மோட்டாரா?” என்கிறாள் அம்மா. காலில் சாக்ஸ் பதிந்த தடம் கொஞ்சம் ஆழம் குறைந்திருக்கிறது. அல்லது எனக்கு அப்படித் தெரிகிறது.

மார்ச் 9
இதயத்துக்கு எக்கோ ஸ்கேன். திரையில் ரத்தம் நீலமாக, வந்த வழியே திரும்பி ஓடியது. ‘கடுமையான கசிவு’ என்பதுதான் கடைசிப் படி என்று நினைத்திருந்தேன். அதற்கு மேலும் இரண்டு வைத்திருக்கிறார்கள். உச்சியில் இருப்பதன் பெயர் ‘டொரென்ஷியல்’. வெள்ளம்! அம்மாவுக்கு அது இல்லை, அதற்கு ஒரு படி கீழே. இதில் நிம்மதி வேறு.

கசிவது இதயத்தின் வலப்பக்க மூவிதழ் வால்வு. மூன்று இதழ்களும் நன்றாகத்தான் இருக்கின்றனவாம். பல வருட ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில், அதாவது தாறுமாறான இதயத் துடிப்பில், மேலறை விரிந்து, வால்வின் வளையமும் விரிந்துவிட்டது. கதவில் பழுதில்லை, நிலைதான் அகன்றுவிட்டது.

மார்ச் 10
கழுத்து நரம்பு துடிப்பதைப் பார்க்காமல் அவளோடு பேச முடியவில்லை.

மார்ச் 14
தூக்கமில்லை. ஈரல் வீங்கியிருப்பதால் நெஞ்சைத் திறக்கும் அறுவை வேண்டாம் என்கிறார்கள். தொடை ரத்தக்குழாய் வழியாகப் போய் இரண்டு இதழ்களைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப் ஒரு வழி. அது எட்டாவிட்டால் அதே பாதையில் புது வால்வு. ஆனால் இதயத்தின் மின்பாதை பக்கத்திலேயே ஓடுவதால் பேஸ்மேக்கர் தேவைப்படலாம். இரண்டுக்குமே அமெரிக்காவில் 2024இல்தான் அனுமதி. இடப்பக்க வால்வுகளுக்குத்தான் இத்தனை காலமும் கவனிப்பு. இதை மருத்துவர்களே ‘மறக்கப்பட்ட வால்வு’ என்பார்களாம். மறந்தது யார்?

கிளிப் ஆய்வில் 350 பேர். ஓராண்டில் கசிவு குறைந்தது, அன்றாட வாழ்க்கை தேறியது. இறப்பு குறையவில்லை. அந்த வரியையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். காலையில் அம்மாவிடம் சொல்லியும்விட்டேன், சொல்லியிருக்கக் கூடாது. “செருப்புக்குள்ள கால் நுழைஞ்சாப் போதும்டி” என்றாள்.

மார்ச் 15
63.2.

மார்ச் 19
தொண்டை வழியாக எக்கோ. இதழ்களுக்கு நடுவே இடைவெளி 6 மில்லிமீட்டர். கிளிப் எட்டும் என்கிறார். பென்சில் கனம்கூட இல்லை, அதற்குள் இத்தனை ஆட்டம்.

மார்ச் 24
61.7. நாளைக்குக் கிளிப். செருப்பைப் போட்டுப் பார்த்தாள். இடது நுழைந்தது.

மார்ச் 25
7.40க்கு உள்ளே கொண்டுபோனார்கள். இன்று எடை பார்க்க மறந்துவிட்டோம்.