தண்ணீர் பூஜ்யம், உப்பு மூட்டை மூட்டையாக

கழிவு நீர் விதியால் செலவு தாங்கவில்லை என்று திருப்பூர் சாயப்பட்டறைக்காரர்கள் புலம்புவதில் பாதி நியாயம்தான். நொய்யலின் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய சாயக் கழிவுத் தண்ணீரைப் பார்த்தவர் யாரும், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னதைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் 'ஒரு சொட்டுகூட வெளியே விடாதே' என்ற விதி எண்ணுவது தண்ணீரை. தொல்லையெல்லாம் உப்பில்.

ரியாக்டிவ் சாயம் (பருத்தியோடு வேதிவினையால் ஒட்டும் சாயம்) பருத்தியில் ஏற, அடர் நிறத்துக்கு லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் உப்பு வேண்டும். துணி அதை எடுத்துக்கொள்ளாது. போட்டது அத்தனையும் கழிவில் வந்து சேரும். நுண்ணுயிர்களை வைத்துக் கழிவைச் சிதைக்கும் பயாலஜிக்கல் டேங்க் உப்பைத் தொடாது. ஆர்.ஓ. (அழுத்தத்தில் மெம்பரேன் வழியே வடிகட்டுவது) முக்கால் பங்குக்கு மேல் தண்ணீரைத் திருப்பித் தந்துவிடும். மிச்சமிருக்கும் உப்புத் தண்ணீரை, அதாவது ரிஜெக்ட்டை, எவாப்பரேட்டரில் காய்ச்சுகிற இடத்தில்தான் காசு கரைகிறது.

எல்லோரும் சாதா உப்புக்குப் பதில் கிளாபர் சால்ட் (சோடியம் சல்ஃபேட்) மட்டும் போட்டால் பிழைக்கலாம். அது சூட்டில் நன்றாகக் கரையும், குளிரில் கரையாது. அடர்த்தியான ரிஜெக்ட்டைச் சில்லரில் 10 டிகிரிக்குக் கீழே இறக்கினால் படிகமாக விழும். அதை மறுபடி சாயத்துக்கே போடலாம். சாதா உப்பு விழாது, கரைசலிலேயே தங்கும். அதையும் காய்ச்சினால் வருவது கலப்பு உப்பு. சாயத்துக்கு ஆகாது, மண்ணில் கொட்டவும் முடியாது, மழை பட்டால் கரைந்து ஓடும். ஷெட் ஷெட்டாக அடுக்கி வைத்திருப்பது இதைத்தான்.

சாதா உப்பே வாங்காத பட்டறையிலும், அந்த உப்பில் இருக்கும் குளோரைடு வரும். தண்ணீரின் கடினத்தன்மையைப் போக்கும் சாஃப்ட்னரின் ரெசினைச் சாதா உப்பால் கழுவிப் புதுப்பிக்கும் ரீஜெனரேஷன் ஒரு வழி. அங்கே கிளாபர் சால்ட் போட்டால் ரெசினுக்குள்ளேயே ஜிப்சம் (கால்சியம் சல்ஃபேட்) படியும் என்பதால் அதை மாற்ற வழியில்லை; ஆர்.ஓ. தண்ணீரையே சாயத்துக்கு எடுத்து, சாஃப்ட்னரைப் போர் தண்ணீருக்கு மட்டும் ஓட்டலாம். நியூட்ரலைசேஷனுக்கு, அதாவது காரத்தைக் குறைக்க, ஊற்றும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இன்னொரு வழி. சல்ஃப்யூரிக் ஊற்றினால், சாயம் ஒட்டப் போடும் காரமான சோடா ஆஷும் கிளாபர் சால்ட்டாகவே மாறும்.

ஆய்வுக்கு வருபவர்கள் ஃப்ளோ மீட்டரைப் பார்க்கிறார்கள். பொது சுத்திகரிப்பு நிலையம் தனக்குக் கழிவு அனுப்பும் ஒவ்வொரு பட்டறையின் கழிவிலும் குளோரைடு பார்க்க வேண்டும். சில்வர் நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் டைட்ரேஷன் போதும்: குரோமேட் போட்ட மஞ்சள் கரைசல் செங்கல் நிறத்துக்குத் திரும்பும் இடம்தான் கணக்கு. சாய நிறம் அதை மறைக்கும், முதலில் கார்பனில் வடிகட்டுங்கள். பி.எச். 10-க்கு மேல் இருந்தால் நைட்ரிக் அமிலத்தால் இறக்குங்கள். ஹைட்ரோகுளோரிக் வேண்டவே வேண்டாம், அதிலுள்ள குளோரைடும் பட்டறைக்காரர் தலையில் விழும்.