அஞ்சு பியாஸ்தர் ரொட்டி

எகிப்தில் ரொட்டிக்கு 'அய்ஷ்' என்று பேர். வாழ்க்கை என்றும் அதற்குப் பொருள். (வளைகுடாவில் வேலை பார்த்தவர்களுக்குக் குப்ஸ்தான் தெரியும்.) ஒரு பெரிய மரச்சட்டம் நிறைய ரொட்டியைத் தலையில் வைத்து ஒரு கையால் பிடித்தபடி, மறு கையால் சைக்கிள் ஓட்டிக்கொண்டு கெய்ரோ நெரிசலில் புகுந்து போவார்கள், வீடியோவில் பார்த்திருப்பீர்கள்.

2024 வரைக்கும் மானிய ரொட்டி ஒன்று 5 பியாஸ்தர், அதாவது ஒரு எகிப்திய பவுண்டுக்கு (அங்கத்திய நாணயம்) 20 ரொட்டி. முப்பது வருஷத்துக்கு மேல் அந்த விலை அசையவே இல்லை. 1977 ஜனவரியில் அன்றைய அதிபர் சதாத்தின் அரசு மானியத்தில் கைவைத்து, இரண்டே நாளில் நாடு பற்றி எரிந்து, ராணுவத்தை இறக்கியும் கடைசியில் உத்தரவை வாபஸ் வாங்க வேண்டியதாயிற்று. அந்தப் பயம்தான்.

அதனால் விலையை விட்டுவிட்டு எடையில் கைவைத்தார்கள். 2020-ல் 110 கிராம் 90 ஆனது. சாமர்த்தியம்! 2024 ஜூனில்தான் துணிந்து 20 பியாஸ்தர் ஆக்கினார்கள், ஒரேயடியாக நாலு மடங்கு. அடக்கவிலையே 125 பியாஸ்தர் என்பது அரசு சொன்ன கணக்கு. சரி, கணக்கு கணக்குதான். ஆனால் 2011 புரட்சியின்போது கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கத்தில் கத்தினார்களே, 'ரொட்டி, சுதந்திரம், சமூக நீதி' என்று, அதில் முதல் சொல்லே அய்ஷ்தான்.

இந்த முறை தெரு பெரிதாக எழவில்லை. போராட்டங்களைக் கட்டுப்படுத்த 2013-ல் வந்த சட்டத்துக்கு அப்புறம் அங்கே எழுவது அவ்வளவு சுலபமும் இல்லை.