227 என்று தொடங்கும் வரி

வெள்ளவத்தையில், காலி வீதியோரம் உள்ள ஒரு புடைவைக் கடையின் இணையத்தளத்தைப் பழைய சேர்வரிலிருந்து கிளவுட் சேர்வர் ஒன்றுக்கு மாற்றிக் கொடுத்தேன். மறுநாள் காலையிலேயே, அங்கே படங்களை ஏற்றும் பொறுப்பிலுள்ள அண்ணன் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, பாஸ்வேர்ட் எல்லாம் எடுக்குது, உள்ளுக்குப் போனாப்பிறகு ஒண்டும் காட்டுதில்லை" என்றார்.

வீட்டில், சேர்வருக்குக் கோப்புகளை ஏற்ற உதவும் ஃபைல்சில்லா என்ற மென்பொருளைத் திறந்து பார்த்தேன். கோப்புப் பட்டியலைக் கேட்ட இடத்தில் எனக்கும் 20 விநாடிகளில் தொடர்பு அறுந்தது.

இப்படிக் கோப்புகளை அனுப்பும் முறையான எஃப்.டி.பி.யில் கட்டளைகள் 21ஆம் போர்ட் (சேர்வரின் எண்ணிட்ட வாயில்) வழியே செல்ல, பட்டியலும் கோப்புகளும் வேறொரு தொடர்பில் வருகின்றன. பாசிவ் முறையில் அந்த இரண்டாவது தொடர்பையும் நம் கணினியே தொடங்க வேண்டியிருப்பதால், எந்த முகவரிக்கு, எந்தப் போர்ட்டுக்கு வரவேண்டும் என்பதைச் சேர்வர் 227 என்று தொடங்கும் வரியில் அறிவிக்கிறது. எனக்கு வந்த வரியின் அடைப்புக்குறிக்குள் 10,0,3,17,195,149 என்று இருந்தது. முதல் நான்கு எண்களும் முகவரி. ஐந்தாவதை 256ஆல் பெருக்கி ஆறாவதைக் கூட்டினால் போர்ட், அதாவது 50069. காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் பிழைகள் இரண்டு என்பது விளங்கியது. வெளித் தொடர்புகளைத் தடுக்கும் தீச்சுவரில் 50069 மூடியிருந்தது. 10இல் தொடங்கும் அந்த முகவரியோ கிளவுட்டின் உள்வலையமைப்புக்கு மட்டுமே உரியது, கொழும்பிலிருந்து அதை எட்டவே முடியாது.

சேர்வரில் எஃப்.டி.பி.யை நடத்தும் மென்பொருளான வி.எஸ்.எஃப்.டி.பி.டி.யின் அமைப்புக் கோப்பில் பாசிவ் போர்ட்டுகளின் கீழெல்லையை 40000 என்றும் மேலெல்லையை 40100 என்றும் இட்டேன். 1024க்கு மேற்பட்ட அனைத்தையும் திறந்துவிடுமாறு நண்பர் ஒருவர் கூறினார். மூன்று பேர் படம் ஏற்றும் கடைக்கு 101 போர்ட்டுகள் தாராளம் என்பதால் நான் அதற்கு உடன்படவில்லை. சேர்வரின் தீச்சுவரில் திறந்த அதே எல்லையைக் கிளவுட்டின் கட்டுப்பாட்டுப் பக்கத்திலும் திறக்க மறந்ததால் அரை மணித்தியாலம் வீணாயிற்று.

பின்னர் எனக்குப் பட்டியல் வந்தது, கடையிலோ வரவில்லை. எட்டமுடியாத முகவரி வந்தால் ஃபைல்சில்லா அதைத் தள்ளிவிட்டுச் சேர்வரின் வெளி முகவரியையே எடுத்துக்கொள்ளும். கடையிலிருந்த பழைய மென்பொருளுக்கு அந்த வசதி இல்லை. தொடர்பை மறையாக்கும் டி.எல்.எஸ். இல்லாத எஃப்.டி.பி.யில் இடையிலுள்ள ரவுட்டரே அந்த வரியைப் படித்துத் திருத்திவிடுவதும் உண்டு. ஆனால் மறையாக்கிய தொடர்பை அதனால் படிக்க முடியாது. வாடிக்கையாளரின் பாஸ்வேர்ட்டை மறையாக்காமல் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. ஆகவே சேர்வரே சரியான முகவரியைச் சொல்லியாக வேண்டும். நிறுத்தித் தொடங்கும்போது மாறிவிடாதபடி வெளி முகவரியை முதலில் நிலையானதாக்கிக்கொண்டு, அதையே பாசிவ் முகவரியாக எழுதிச் சேவையை மீளத் தொடங்கினேன்.

இம்முறை அந்த வரியின் கடைசி இரண்டு எண்கள் 156,98, அதாவது 40034. அண்ணனைத் தொலைபேசியில் வைத்துக்கொண்டே முதல் படத்தை ஏற்றச் சொன்னேன். "வந்திட்டுது தம்பி" என்றார்.