பஸ் காத்திருக்கவில்லை

"அது வேறு விஷயம். வாருங்கள், பஸ் காத்திருக்கிறது" என்றுதான் சொன்னேன்.

பஸ் காத்திருக்கவில்லை. டிரைவர் மேலே சாலையோரக் கடையில் காபி குடித்துக்கொண்டிருந்தார். புறப்பட இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. அது எனக்கும் தெரியும், கேள்வி கேட்ட மாணவிக்கும் தெரியும். அவர் "சரி" என்று நோட்டை மூடிக்கொண்டு நடந்தார்.

2019, ஸ்பெயினின் கனாரித் தீவுகளில் ஒன்றான லா பால்மா, அங்குஸ்தியாஸ் ஓடை. ஜெர்மனியில் நான் பாடம் நடத்தும் நிலவியல் துறையின் வழக்கமான களப் பயணம்தான். அன்று காலையில் கால்டெரா என்ற எரிமலைப் பெரும்பள்ளத்தின் விளிம்பில் நின்று, வருஷா வருஷம் சொல்லும் ஜோக்கைச் சொல்லியிருந்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மன் நிலவியலாளர் லியோபோல்ட் ஃபான் புக் பற்றியது. 'புக்' என்றால் ஜெர்மனிலும் புத்தகம்தான். "இவர் மலையைப் பார்ப்பதற்கு முன்பே புத்தகத்தை முடித்துவிட்டவர்" என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். ஜெர்மனில் சிலேடை சொல்லி ஜெர்மன்காரர்களைச் சிரிக்க வைப்பது மதுரைப் பக்கத்திலிருந்து போனவனுக்குச் சின்ன விஷயம் இல்லை. அதனால் அந்த வரியைப் பத்திரமாக வைத்திருந்தேன்.

ஜோக்குக்குப் பின்னால் இருக்கும் கதை இது. 1815ல் நார்வே தாவரவியலாளர் கிறிஸ்டன் ஸ்மித்தோடு கனாரித் தீவுகளுக்கு வந்தார் புக். லா பால்மாவின் நடுவில் இருக்கும் தபூரியென்டே என்ற அந்தப் பிரம்மாண்டமான பள்ளத்தைப் பார்த்தார். எரிமலை, குழம்பைக் கக்கிக் கக்கி உயர்வதில்லை என்று முடிவு செய்தார். கடலடியில் கிடையாகப் படிந்திருந்த பாறை அடுக்குகளைக் கீழேயிருந்து ஏதோ ஒரு விசை கொப்புளம் போல உந்தித் தூக்குகிறது. உச்சி பிளந்து பள்ளமாகிறது. இதுதான் அவருடைய 'உயர்வுப் பள்ளம்' கொள்கை. சரிவில் லாவா வழிந்து ஓடிவிடும், தடித்த அடுக்காக உறையாது, ஆகவே அடுக்குகள் சாய்ந்திருந்தால் பின்னால் சாய்க்கப்பட்டவையாகத்தான் இருக்கவேண்டும் என்பது வாதம். 1825ல் பெர்லினில் நூலாகவும் போட்டார்.

புக் 1853 மார்ச்சில் இறந்தார். அந்த ஆண்டின் இறுதியில் பிரிட்டிஷ் நிலவியலாளர் சார்லஸ் லயல், போர்ச்சுகலின் அட்லாண்டிக் தீவான மதேராவுக்கு வந்து, ஜார்ஜ் ஹார்ட்டுங்கைக் கூட்டிக்கொண்டு, பிறகு லா பால்மாவையும் பார்த்தார். (ஹார்ட்டுங்கும் ஜெர்மன்காரர். உடல்நலத்துக்காக மதேராவுக்குப் போய் அந்தத் தீவுகளை அங்குலம் அங்குலமாக அறிந்தவர். பெயர் மட்டும் லயலின் பெயருக்குப் பின்னால்தான் வரும்.) செங்குத்தான சரிவிலும் லாவா தடிமனாக உறையும் என்று லயல் 1858ல் எழுதினார். கொள்கை மெல்ல ஓய்ந்தது. இன்று கேட்டால், தபூரியென்டே பெரும் நிலச்சரிவும் நீரரிப்பும் சேர்ந்து குடைந்த பள்ளம் என்போம். உலகம் முழுக்க எரிமலைப் பள்ளங்களுக்குச் சொல்லும் 'கால்டெரா' என்ற சொல் புக் வழியாக இங்கிருந்துதான் அறிவியலுக்குள் வந்தது. ஸ்பானிய மொழியில் கொப்பரை என்று அர்த்தம். ஆனால் இன்றைய இலக்கணப்படி இது கால்டெராவே இல்லை. இதையும் ஜோக்கோடு சேர்த்துச் சொல்வேன்.

பிறகு மதியம் ஓடைக்குள் இறங்குவோம். இரும்புச் சத்தால் காவி நிறமான தண்ணீர். பக்கச் சுவரில் தலையணை லாவா. கடலுக்கடியில் பிதுங்கும் குழம்பு, தண்ணீர் பட்டதும் மேல்தோல் கண்ணாடியாகி, உருண்டை உருண்டையாக ஒன்றன்மேல் ஒன்று விழுந்து உறைந்தது. அரிசி மூட்டைகளை அடுக்கினால், மேல் மூட்டையின் அடிவயிறு கீழே இருக்கும் இரண்டு மூட்டைகளின் இடுக்கில் இறங்குமே, அதே மாதிரி. அப்படி இடுக்கில் இறங்கிய வால் எந்தப் பக்கம் நீள்கிறதோ அதுதான் அன்றைய 'கீழே'. அங்குஸ்தியாஸில் வால் பக்கவாட்டைக் காட்டுகிறது.

அந்த மாணவி ஒரு வாலின் மேல் உள்ளங்கையை வைத்து, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். அப்புறம் கேட்டார்: "கடலடி இங்கே தூக்கிச் சாய்க்கப்பட்டிருக்கிறது. அப்படியானால் புக் சொன்னதில் ஒரு பகுதி நடந்திருக்கிறது, இல்லையா?"

அதற்குத்தான் பஸ்.

என் பக்க நியாயம் எனக்கு இன்னும் வலுவாகவே தோன்றுகிறது. புக் பேசியது மேலே இருக்கும் பள்ளத்தின் சுவரைப் பற்றி. மாணவி கை வைத்தது அதைவிட மிகப் பழைய, 30, 40 லட்சம் வருஷத்துக்கு முந்தைய கடலடி எரிமலை. இரண்டையும் கலக்கக் கூடாது. புக்கின் காரணமும் தவறு, இடமும் தவறு. இதைச் சொல்ல மூன்று நிமிடம் போதும். என்னிடம் நாற்பது இருந்தது.

ஏன் சொல்லவில்லை? அந்த அடுக்கு கடலடியிலிருந்து எழும்பிச் சாய்ந்தது என்பதை விரிவாக எழுதியவர்கள் ஹூபர்ட் ஸ்டாடிகலும் ஹான்ஸ்-உல்ரிக் ஷ்மின்கேயும், 1984ல். உள்ளே புகுந்த மாக்மாதான் தூக்கியது என்று விளக்கம். அந்தக் கட்டுரையை மாணவர்களுக்கு நகலெடுத்துக் கொடுப்பவனே நான்தான். காலையில் 'தூக்கியது' என்றவரைப் பார்த்துச் சிரிக்க வைக்கிறேன், மதியம் தூக்கப்பட்ட பாறையைக் காட்டுகிறேன். ஒன்பது வருஷமாக இரண்டும் ஒரே பையில் இருந்தும் எனக்கு ஒன்றோடொன்று உரசவில்லை. உரசியது அவருக்கு.

அதோடு விட்டிருந்தால் மறந்திருப்பேன். பயண அறிக்கையிலும் அவர் அதை எழுதியிருந்தார், ஒரே வரி: "புக் சொன்ன உயர்வு இங்கே நடந்திருக்கிறது, அவர் சொன்ன காரணத்தால் அல்ல." ஓரத்தில் சிவப்பு மையில் 'தொடர்பற்றது' என்று எழுதி, 1.0 போட வேண்டிய இடத்தில் 1.3 போட்டேன். (ஜெர்மனியில் 1.0தான் உச்ச மதிப்பெண், எண் கூடினால் மதிப்பு குறையும்.) வேறு சின்னப் பிழைகளும் இருந்தன. இருந்தன என்றுதான் நினைக்கிறேன்.

ஜோக்காவது நியாயமா என்று பின்னால் யோசித்தேன். லாவா உறைந்து உண்டாகும் பசால்ட்டைத் தண்ணீரில் படிந்த பாறை என்றும், எரிமலை என்பது நிலக்கரி எரிவது என்றும் சொன்ன ஜெர்மன் நிலவியலாளர் வெர்னரின் மாணவர் புக். 1802ல் பிரான்சின் ஓவெர்ன் பகுதியில் கிரானைட் மேல் எரிமலைகள் நிற்பதைப் பார்த்து (கிரானைட்டுக்கு அடியில் எரிய நிலக்கரி ஏது?), ஆசானின் பாடத்தை விட்டு விலக ஆரம்பித்தவர். இன்னொரு கனாரித் தீவான லான்சரோட்டேயில் 1730 செப்டம்பர் 1 இரவு பூமி பிளந்ததை எழுதிவைத்த யாயிசா பாதிரியார் குர்பெலோவின் குறிப்புகள் நமக்குக் கிடைத்ததும் புக்கின் நூல் வழியாகத்தான். மலையைப் பார்க்காதவர் என்று இவரையா சொல்வது? ஆனாலும் தபூரியென்டேயில் அவர் தவறியது தவறியதுதான்.

2021 செப்டம்பரில் அதே லா பால்மாவின் கும்ப்ரே வியெஹா எரிமலை வெடிப்பதற்கு முந்தைய நாட்களில் தரை 10 சென்டிமீட்டர் அளவுக்கு உயர்ந்தது என்று செய்தி வந்தது. டீயைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வரைபடத்தை வெகுநேரம் பார்த்தேன். மாணவியின் மின்னஞ்சல் முகவரி அதற்குள் செயலற்றுப் போயிருந்தது. வேறு வழியில் தேடியிருக்கலாம்.

போன பயணத்தில் ஜோக்கைச் சொல்லக் கூடாது என்றுதான் விளிம்பில் ஏறினேன். காற்று பலமாக இருந்தது, எல்லோரும் சோர்ந்திருந்தார்கள். சொல்லிவிட்டேன். சிரித்தார்கள். மதியம் தலையணைப் பாறை முன்னால் விளக்கம் முடிந்த பிறகும் நகராமல் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து ஒரு பையன் வந்து, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டான்.