கை அழுக்கா இருக்கு, பாட்டை மாத்த முடியாது

ஜூன் 11, 2025, புதன்

காலையில் குப்பை வண்டி வந்தபோது நான் வாசலில் பல் தேய்த்துக்கொண்டு நின்றேன். வழக்கம்போல எல்லாவற்றையும் ஒரே பையில் திணித்துக் கட்டி வைத்திருந்தோம். வண்டியோடு வரும் அம்மா பையை அவிழ்த்து, நேற்றைய புளிக்குழம்புச் சோற்றுக்குள் கையை விட்டு பிளாஸ்டிக்கை எல்லாம் தனியாகப் பொறுக்கிக்கொண்டிருந்தவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். முந்தாநாள் நான் போட்டு உடைத்த கண்ணாடி டம்ளர். ஆள்காட்டி விரல் நுனியில் ரத்தம். வாயில் நுரையோடு உள்ளே ஓடி துணியும் தண்ணீரும் எடுத்து வந்தேன். "பரவால்ல சார், எங்களுக்கு இது பழக்கந்தான்" என்று விரலை முந்தானையில் சுற்றிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

டம்ளரை உடைத்தது நான். பேப்பரில் சுற்றித் தனியாக வைக்காததும் நான். மனைவி ஆறரை மணி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் செருப்பை மாட்டிக்கொண்டே தீர்ப்பு சொல்லிவிட்டாள்: "ஏங்க, இனிமே குப்பை உங்க பொறுப்பு." ஜெராக்ஸ் கடையைப் பத்து மணிக்குத்தான் திறக்கிறேன், மறுத்துப் பேச முடியவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

மேட்டூரை 12ஆம் தேதி திறந்தார்கள், இன்று கல்லணையும் திறந்தாயிற்று. போன வருஷம் ஜூலை கடைசி வரை வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஊர், அதனால் இன்றைக்குக் கும்பகோணத்தில் டீக்கடைக்கு டீக்கடை இதே பேச்சு. தண்ணீர் இங்கே வர இன்னும் சில நாள் ஆகும்.

நம் வேலைக்கு வருவோம். பழைய பெயின்ட் வாளி இரண்டு, இருபது லிட்டர் பிடிக்கும். ஆணியைச் சூடு பண்ணி அடியிலும் பக்கவாட்டிலும் ஓட்டை போட்டேன். அடியில் இரண்டு கை தேங்காய் நார், அதற்கு மேல் காய்கறித் தோல், காபிச் சக்கை, சாமி படத்து வாடிய பூ. எவ்வளவு ஈரக் குப்பை போடுகிறோமோ அதற்கு இரண்டு மடங்கு காய்ந்த சருகு போட வேண்டும், இது ஒன்றுதான் விதி. கொல்லையில் மாமரம் இருப்பதால் சருகுக்குப் பஞ்சமில்லை. இத்தனை வருஷமாக அந்தச் சருகைக் கூட்டிக் குவித்துக் கொளுத்தி, பக்கத்து வீட்டுக்காரர் இருமுவதைக் கேட்டுக்கொண்டிருந்தோம் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

அம்மா திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுக்காடா யூட்யூப்ல ரெண்டு நாளா படிச்சே?" அவள் காலத்தில் காய்த்தோல், அரிசி களைந்த தண்ணீர், வடிகஞ்சி எல்லாம் கழுநீர்ப் பானைக்குப் போகும், சாயந்தரம் மாட்டுக்காரர் வந்து தூக்கிக்கொண்டு போவார். சாப்பிட்ட இலையும் மாட்டுக்கு. சாம்பல் பாத்திரம் தேய்க்க. மிச்சம் மீதி எருக்குழிக்கு. இப்போது எங்கள் தெருவில் மாடு வைத்திருக்கிற வீடு ஒன்றுகூடக் கிடையாது, கழுநீர்ப் பானையும் எப்போது உடைந்தது என்று யாருக்கும் நினைவில்லை.

ராத்திரி மகள் கோவை ஹாஸ்டலிலிருந்து பேசினாள். பேச்சு எப்படியோ பாட்டுக்குப் போனது. "அப்பா, நீங்க தொண்ணூத்தஞ்சுலயே நின்னுட்டீங்க" என்றாள். இல்லையே, நீ அனுப்புவதை எல்லாம் போட்டுப் பார்க்கிறேனே என்றேன். "போடுவீங்க, இருபது செகண்ட்ல மாத்திடுவீங்க." அதுவும் உண்மைதான். காலையில் குப்பை பிரிக்கக் கால் மணி நேரம் ஆகிறது என்று சொன்னதும், தினமும் ஒரு பாட்டு அனுப்புகிறேன், அந்த நேரத்தில் அதை மட்டும் கேட்க வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டுவிட்டாள்.

ஜூன் 18, புதன்

முதல் பாட்டு, 'கட்சி சேர'. 2024 ஜனவரியில் வந்ததாம். போனைக் கிணற்று மேடையில் வைத்துவிட்டு வெண்டைக்காய்க் காம்பையும் முருங்கைக்காய்ச் சக்கையையும் வாளியில் போட்டுக் கிளற ஆரம்பித்தேன். இருபது செகண்ட் ஆனதும் கை தானாகப் போன் பக்கம் போனது. விரலெல்லாம் பிசுக்கு, நேற்றைய தயிர் வேறு. தொட முடியாது. சரி, ஓடட்டும் என்று விட்டேன். ஒரு நிமிஷம் வரை எரிச்சலாகத்தான் இருந்தது, அப்புறம் பார்த்தால் குச்சி தாளத்துக்குக் கிளறிக்கொண்டிருக்கிறது. முடிந்ததும் கையைக் கழுவிக்கொண்டு வந்து இன்னொரு தரம் போட்டேன்.

பாடிய பையன் சாய் அபயங்கர். யார் என்று தேடினால் திப்பு, ஹரிணி இருவருடைய மகன்! ஹரிணி பாட்டை நான் கேசட் வாங்கிக் கேட்டவன், அவர் பிள்ளை பாட்டு போடுகிற வயதுக்கு வந்துவிட்டான். அதைவிட எனக்குப் புதிதாக இருந்தது, இது எந்தப் படத்திலும் வந்த பாட்டு இல்லை என்பது. எங்கள் காலத்தில் சினிமாவில் வராத பாட்டு என்றால் பெரும்பாலும் சாமி பாட்டுதான், விடியற்காலையில் கோயில் ஸ்பீக்கரில் கேட்பதோடு சரி.

ஜூன் 24, செவ்வாய்

நாற்றம். மனைவி காலையில் கொல்லைக் கதவைத் திறந்தவள் அப்படியே மூடிவிட்டு, "ஏங்க, கொல்லையில எலி எதுவோ செத்துக் கிடக்கு" என்றாள். எலி இல்லை, என் வாளி. ஞாயிற்றுக்கிழமை மிஞ்சிய சாம்பார் சாதத்தை அப்படியே கவிழ்த்துவிட்டேன், சருகு போட மறந்துவிட்டேன், மூடியைத் திறந்தால் வெள்ளை வெள்ளையாகப் புழு நெளிகிறது.

இரண்டு மணி நேரம் அதோடுதான் போராட்டம். ஈரம் அதிகமாகிக் காற்று உள்ளே போகாவிட்டால் அழுகத்தான் செய்யும், மக்காது. முழுவதையும் சாக்கில் கொட்டி உலர்த்தி, ஒரு கூடை சருகும் நாரும் கலந்து, புளித்த மோரை ஒரு டம்ளர் தெளித்துத் திரும்ப நிரப்பினேன். புழு ஒருவகைக் கறுப்பு ஈயுடையது, கடிக்காது, குப்பையைத் தின்று சீக்கிரம் தீர்த்துவிடும் என்று படித்தேன். மனைவியிடம் அதைச் சொன்னேன். அவள் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

இன்று பாட்டு கேட்கவில்லை.

ஜூன் 28, சனி

ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. வாளியிலும் நாற்றம் போய்விட்டது.

பால் கவர் விஷயம் எழுத வேண்டும். மூலையை வெட்டும்போது துண்டாக வெட்டி எறியக் கூடாது, ஒட்டிக்கொண்டு தொங்குகிற மாதிரி விட வேண்டும். நகத்தளவு துண்டைப் பழைய பேப்பர்காரர் யாரும் பொறுக்கி எடுக்க மாட்டார், அது சாக்கடைக்குத்தான் போகும். கவரைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி, அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, கவரைத் துணி காயப்போடும் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுகிறேன். மாசம் முடிந்ததும் எடைக்குப் போடலாம்.

இப்படி ஏழெட்டு கவரைத் தொங்கவிட்டுக்கொண்டிருக்கும்போது மகளிடமிருந்து மெசேஜ்: "அப்பா, இன்னிக்கு பால் டப்பா." நான் என்ன நினைப்பேன்? "டப்பா இல்லம்மா, கவர்தான் வாங்குறோம், காய வெச்சிட்டேன்" என்று படமும் எடுத்து அனுப்பினேன். அரை மணி நேரம் சிரிப்பு பொம்மையாக வந்து விழுந்தது. பால் டப்பா என்பது ஒரு ராப் பாடகரின் பெயராம், சென்னைக்காரர். அந்தப் படம் அவள் ஹாஸ்டல் முழுக்கச் சுற்றிவிட்டதாகக் கேள்வி. பாட்டு எப்படி என்றால், வார்த்தை பாதி பிடிபடவில்லை, ஆனால் அந்த ஆளுக்கு ஏக குஷி, அது பிடிபட்டது.

ஜூலை 5, சனி

தூக்குவாளியோடு ஓட்டலுக்குப் போனேன். கல்லாவில் இருந்தவர் தூக்கைப் பார்த்துவிட்டு "யாருக்கு சார் உடம்பு சரியில்ல?" என்று கேட்டார். ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு வாங்க வருகிறவர்கள்தான் இப்போது தூக்கு கொண்டு வருகிறார்களாம். 2019 ஜனவரியிலேயே கேரி பேக், பிளாஸ்டிக் கப் என்று 14 வகையைத் தடை செய்த மாநிலம், 2021 டிசம்பரில் மஞ்சப்பை இயக்கமும் ஆரம்பித்தார்கள், ஆனாலும் சாம்பாரைக் கவரில் கட்டி நூலைச் சுற்றும் அந்தக் கை வேகம் மட்டும் யாருக்கும் மறக்கவில்லை. இட்லியை இலையில் வைத்துத் தரச் சொன்னேன், தந்தார். தூக்கில் சாம்பார் கவரில் விழுவதைவிட ஒன்றரை மடங்கு விழுந்தது, இதை நான் அவரிடம் சொல்லவில்லை.

கடையில் தவறாக விழுந்த ஜெராக்ஸ் தாள்களின் பின்பக்கம் எப்போதும் வெள்ளைதான். நாற்பது நாற்பதாக அடுக்கித் தைத்து தெருப்பிள்ளைகளுக்குக் கணக்கு போட்டுப் பார்க்கக் கொடுக்கிறேன். ஆதார் நகல் வந்த தாள் என்றால் மட்டும் கிழித்து வாளியில் போட்டுவிடுவேன், அது கவனம்.

ஜூலை 12, சனி

இன்று அனுப்பியது 'என்ஜாய் எஞ்சாமி'. 2021இல் ஊரே கேட்ட பாட்டு, ரீல்ஸில் துண்டு துண்டாக நானும் ஆயிரம் தடவை கேட்டிருப்பேன், முழுசாகக் கேட்டது இன்றுதான். அம்மா கீரை ஆய்ந்துகொண்டு பக்கத்தில் இருந்தாள். ஓர் இடம் வந்ததும் கையை நிறுத்தினாள்.

"யாரு செத்துட்டா?"

யாரும் சாகவில்லை, பாட்டும்மா என்றேன். "எனக்குத் தெரியாதா? இது ஒப்பாரிடா." மகளிடம் கேட்டேன். ஆமாம் அப்பா, ஒப்பாரிதான் அதில் இருக்கிறது, அரக்கோணத்துக்காரர் அறிவு எழுதியது, அவருடைய பாட்டி வள்ளியம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர், அந்தப் பேர்கூடப் பாட்டில் வருகிறது என்றாள். நான் அதைச் சந்தோஷமான பாட்டு என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன், கல்யாணத்தில் எல்லாம் போட்டு ஆடுகிறார்களே.

அம்மா இரண்டாவது தடவை போடச் சொன்னாள். எழுபத்தெட்டு வயசு. கீரைத் தண்டை வாளிப் பக்கம் தள்ளிவிட்டு, "அந்தப் பொண்ணு குரலு நல்லாருக்கு" என்றாள். கூடப் பாடிய பாடகி 'தீ'யின் குரலைச் சொல்கிறாள்.

ஜூலை 19, சனி

ஆடுதுறைப் பக்கம் ஒரு காதுகுத்து. திரும்பும் வழியில் நரசிங்கம்பேட்டையில் வண்டியை நிறுத்தினேன். பல வருஷமாகத் தாண்டிப் போகிற ஊர்தான், நின்றதில்லை. நாதஸ்வரம் செய்கிற ஊர், 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. டி.என்.ராஜரத்தினம் பிள்ளைக்கு நீளமான பாரி நாயனம் கடைந்து கொடுத்தது இந்த ஊர்தான்.

நான் நின்று பார்த்தது வாசலில் கிடந்த மரத்தை. புது மரமே இல்லை. இடித்த பழைய வீட்டு உத்தரம், நிலை. ஒன்றில் ஆணி பிடுங்கிய ஓட்டைகூட இருந்தது. ஆச்சா மரம். புது ஆச்சாவைக் கடைந்தால் காயும்போது வெடித்துவிடும், ஒரு வீட்டைத் தூக்கிக்கொண்டு பல வருஷம் நின்று ஈரமெல்லாம் வற்றின மரம்தான் வேண்டும் என்றார் அங்கே இருந்த பெரியவர். துண்டை என் கையில் கொடுத்தார். நினைத்ததைவிட இரண்டு மடங்கு கனம், விரலால் தட்டினால் ணங் என்கிறது.

நாங்கள் 2008இல் தாத்தா வீட்டை இடித்தோம். உத்தரங்களை எல்லாம் விறகுக்கடைக்குத்தான் போட்டோம். அது என்ன மரம் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

ஜூலை 26, சனி

மகள் வந்திருக்கிறாள். வந்ததும் வாளியை எட்டிப் பார்த்து, உள்ளே ஒரு மாங்கொட்டை முளைவிட்டிருப்பதைக் கண்டுபிடித்தாள். தொட்டியில் எடுத்து நட்டாயிற்று.

ராப் எல்லாம் இப்போது வந்த சரக்கு என்று நான் சொன்னதற்கு, 2006இல் மலேசியாவில் யோகி பி குழு போட்ட 'மடை திறந்து' பாட்டைக் காட்டினாள். இளையராஜாவின் 1980ஆம் வருஷத்து 'நிழல்கள்' படப் பாட்டை எடுத்து அதன் மேல் இவர்கள் பேசுகிறார்கள். முதலில் கோபம்தான் வந்தது, ராஜா பாட்டில் கை வைப்பதா என்று. ஆனால் மலேசியாவில் இருந்து என்றதும் கொஞ்சம் இறங்கினேன். நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறிப் போன சனம் எங்கள் சொந்தத்திலேயே உண்டு. அந்தப் பக்கத்துப் பேரப்பிள்ளைகள் மடை என்ற வார்த்தையை வாயில் வைத்திருக்கிறார்களே. கோவையில் படிக்கிற என் மகளுக்கு மடை எது, மதகு எது என்று கேட்டேன். தெரியவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடி 18

முதல் வாளியை முந்தாநாள் சலித்தேன். ஏழு வாரத்துக் குப்பை, கால் வாளி கறுப்பு மண். முட்டை ஓடும் எலுமிச்சைத் தோலும் மட்டும் மக்கவில்லை, அவற்றை அடுத்த வாளிக்குத் தள்ளிவிட்டேன். மண் கறிவேப்பிலைக் கன்றுக்குப் போயிற்று. குப்பை வண்டி அம்மா இப்போது எங்கள் வீட்டில் நின்றால் அரை நிமிஷம்தான், உலர்ந்த குப்பைச் சாக்கை வாங்கிப் போட்டுவிட்டுப் போகிறார். விரல் ஆறிவிட்டது, தழும்பு இருக்கிறது.

சாயந்தரம் சக்கரப் படித்துறை. தண்ணீர் நிறைய. எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம் எல்லாம் எவர்சில்வர் சம்படத்தில், சாப்பிட இலை. காதோலை கருகமணியும் மஞ்சள் கயிறும் பிளாஸ்டிக் பாக்கெட்டில்தான் எல்லாரும் விற்றார்கள், உதிரியாகக் கேட்டு வாழையிலையில் மடித்து வாங்க நாலு கடை ஏறி இறங்க வேண்டியிருந்தது.

பையன்கள் சப்பரத்தட்டியில் ஸ்பீக்கரைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். ஸ்பீக்கரில் 'கட்சி சேர' ஆரம்பித்தது. ஒருத்தன் போனை எடுத்து மாற்றப் போனான்.

"தம்பி, மாத்தாதப்பா. ஓட விடு, போகப் போகத்தான் நல்லாருக்கும்."

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "அங்கிள், இதெல்லாம் நீங்க கேப்பீங்களா?"

"முழுசாக் கேட்டேன். கை அழுக்கா இருந்துச்சு."

அவனுக்குப் புரியவில்லை, ஆனால் மாற்றவும் இல்லை. அம்மா கீழ்ப்படியில் மாவிளக்கை முந்தானையால் மறைத்துக்கொண்டு நின்றாள். "பேசினது போதும், காத்துல அணையறதுக்குள்ள வந்து தட்டைப் புடிடா."